பூட்டிய அலமாரியும் பூஞ்சை பூத்த வில்லையும்

ஆண்டுக்கொருமுறை ஆயுத பூசையன்று நம் பள்ளி ஆய்வகங்கள் பலவற்றில் ஒரு சடங்கு நிகழ்கிறது. அலமாரியின் பூட்டுத் திறக்கப்பட்டு, உள்ளிருந்து நுண்ணோக்கி வெளியே வருகிறது. அதன் கழுத்தில் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்து, முழம் பூவும் சுற்றுகிறார்கள். பொரிகடலை பங்கிட்டு முடிந்ததும் நுண்ணோக்கி மீண்டும் உள்ளே போகிறது. அடுத்த ஆயுத பூசை வரை அதைத் தொடுவார் இல்லை. காய்ந்த சந்தனம் துகளாகி வில்லையின் விளிம்பில் இறங்குகிறது. வாடிய பூவின் ஈரம் மூடிய பெட்டிக்குள் தங்கிவிடுகிறது. ஐப்பசி மழை தொடங்கும்போது பூஞ்சைக்கு வேண்டிய யாவும் அங்கே தயாராக இருக்கின்றன.

உவமைக்காக இதைச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ராஜபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், தையல் மிஷின் தலைகளுக்கும் துருப்பிடித்த மின்விசிறிகளுக்கும் நடுவே நான்கு நுண்ணோக்கிகள் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டோம். ஏதோ ஒரு பள்ளி கழித்துக் கட்டியவை. எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதப் போவதில்லை, ஏனெனில் இது ஒரு பள்ளியின் குற்றமன்று. அடிப்பாகத்தில் பதிவேட்டு எண் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. இரும்பின் எடைக்குப் பேசி ஒன்றை வாங்கினோம். தராசிலிருந்து எடுத்துத் தரும்போது கடைக்காரர், "அண்ணாச்சி, இதுல ஒண்ணும் உடையல, புதுசு மாதிரித்தான் இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை. திருகுகளின் பற்கள் தேயவில்லை. மேடையில் கீறல் இல்லை. நாற்பது மடங்கு வில்லைக்குள்ளே மட்டும் வெள்ளை நூலாம்படைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. பயன்பட்டுத் தேய்ந்த கருவியை நாம் வணங்கலாம். இது பயன்படாமலேயே அழிந்த கருவி.

சடங்கோடு எங்களுக்குப் பகை ஏதுமில்லை. ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டிய செட்டியார்பட்டி எங்கள் ஊர். நைட்டி தைக்கும் ஊர்கள் இவை. தெருவுக்குத் தெரு மிஷின் ஓடும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். ஆயுத பூசையன்று தையல் மிஷினுக்கும்தான் பொட்டு வைக்கிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் அதே மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பாபினில் சிக்கிய பஞ்சைக் குச்சியால் நீக்கி ஓட்டுகிறார்கள். எந்தத் துளையில் எண்ணெய் விடவேண்டும், எதில் விடக்கூடாது என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. சோறு போடும் கருவியைப் பேணத் தெரிந்த ஊர், அறிவு தரும் கருவியை மட்டும் ஏன் பூட்டி வைத்துச் சாகடிக்கிறது? இந்தக் கட்டுரையின் சண்டை இந்தக் கேள்வியோடுதான்.

ஆசிரியர்கள் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. எங்கள் வட்டத்திலேயே இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்ன விடை எங்களை வாயடைக்கச் செய்தது. இருப்புப் பதிவேட்டில் நுண்ணோக்கிக்கு ஓர் எண் உண்டு. தணிக்கைக்கு வருபவர் அந்த எண்ணையும் பொருளையும் ஒத்துப் பார்க்கிறார். ஒரு மாணவன் கைதவறிக் கீழே போட்டால் விளக்கம் கேட்கப்படும்; பொறுப்பாசிரியர் தம் கையிலிருந்து பணம் கட்டவும் நேரலாம். அலமாரிக்குள்ளேயே அதன் வில்லை குருடாகிப் போனால் கேட்பார் இல்லை. பொருள் இருக்கிறது, எண் இருக்கிறது, கணக்கு நேராகிவிடுகிறது. உடைந்தால் குற்றம், பூஞ்சை பிடித்தால் குற்றமில்லை என்று ஓர் ஏற்பாடு இருக்குமானால், எந்த ஆசிரியர் அலமாரியைத் திறப்பார்? பூட்டுவதுதான் பாதுகாப்பு என்ற மூடநம்பிக்கையை அரசாங்கத் தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஆயுத பூசைக் குங்குமத்தைவிட ஆபத்தானது இந்தப் பதிவேடு.

இனி நம் பக்கம் வருவோம். நாம் என்றால் இலக்கிய இதழ் வாசிப்பவர்கள், கூட்டம் போடுபவர்கள். குறளைப் புகழும் பழம்பாடல் ஒன்றில் அணு என்ற சொல் வருகிறது என்பதை வைத்து, அணு அறிவியலே நம்முடையது என்று மேடையில் முழங்குவோரை நாம் அறிவோம். கைதட்டியும் இருக்கிறோம். அப்படி முழங்கியவர்களில், தம் ஊர்க் கண்மாயின் ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? அணுவுக்கு வெகு தொலைவு முன்பே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே, நமக்கு ஒன்றும் தெரியாத உலகம் தொடங்கிவிடுகிறது. முன்னோர் கண்டதாக நாம் பெருமை பேசலாம். கண்ணைத் திறந்து பார்ப்பது மட்டும் வேறு யாரோ செய்யவேண்டிய வேலை!

நாங்கள் நுண்ணோக்கியோடு அலைவதைக் கேள்விப்பட்ட மூத்த இலக்கிய அன்பர் ஒருவர் கூட்டமொன்றில், "ஏன் தம்பி, இலக்கியம் பேசுற எடத்துல பள்ளிக்கூடப் பையன் வேலை எதுக்கு?" என்று கேட்டார். அவர்மீது எங்களுக்கு மதிப்புண்டு. அந்த மதிப்போடே மறுமொழி சொல்கிறோம்.

விளாதிமிர் நபகோவைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். அவர் 1940களில் ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கணக்காக நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, நீல வண்ணத்துப்பூச்சிகளின் நுண்ணிய உறுப்புகளைப் பிரித்து வரைந்தவர். அப்பூச்சிகள் ஆசியாவிலிருந்து அலையலையாக அமெரிக்கக் கண்டங்களுக்கு வந்தன என்று 1945இல் அவர் ஊகித்தார். 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று அந்த ஊகத்தைச் சரியென்று காட்டியது. நபகோவின் உரைநடையில் நாம் வியக்கும் நுட்பத்துக்கும் அந்த மேசைக்கும் தொடர்பில்லை என்று சொல்ல நமக்குத் துணிவுண்டா?

ரொனால்டு ராஸ் கவிதையும் நாவலும் எழுதியவர். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் தடயத்தைக் கண்டபோது அவரிடம் இருந்தது பழுதான ஒரு நுண்ணோக்கி. கையிலும் நெற்றியிலும் வழிந்த வியர்வையால் அதன் திருகுகள் துருப்பிடித்திருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் விட்டிருந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். விரிசல் விட்ட அந்த வில்லை வழியாகக் கண்டதற்குத்தான் 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் அலமாரிகளில் விரிசலே விடாத வில்லைகள் எத்தனை உறங்குகின்றன என்று எண்ணிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் முந்தையவர் லேவன்ஹுக். 1632இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர், துணி வணிகர். பல்கலைக்கழகம் கண்டவரல்லர், அன்றைய அறிஞர்களின் மொழியான இலத்தீன் அறியாதவர். தம் கையால் தேய்த்த ஒற்றை வில்லையைப் பித்தளைத் தகட்டில் பொருத்திக்கொண்டு, 1674இல் ஊருக்கு அருகிலிருந்த ஏரி நீரைப் பார்த்தார். பச்சைச் சுருள்களைக் கண்டார். அதற்குள் நீந்தும் சிற்றுயிர்களைக் கண்டார். கண்டதைத் தாய்மொழியான டச்சில் கடிதமாக எழுதி லண்டனின் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். பாக்டீரியாவை மனிதகுலத்துக்கு முதலில் காட்டியவை தாய்மொழியில் எழுதப்பட்ட அந்தக் கடிதங்கள்தாம். தமிழில் அறிவியல் வருமா என்று இன்றும் ஐயப்படுவோர், அந்தத் துணி வணிகரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

துணி வணிகர் என்பதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் மடக்குக் கண்ணாடி எங்கள் பகுதித் துணிக்காரர்களுக்குப் புதிதன்று. ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து பஞ்சும் நூலும் இவ்வட்டாரத்தின் மூச்சு. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். இழையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வழக்கமும், நுண்ணிய கைவேலையும், கருவியைக் கழற்றிப் பூட்டும் பழக்கமும் உள்ள ஊர்கள் இவை. லேவன்ஹுக்குக்கு இருந்தவற்றில் பெரும்பாலானவை எங்களிடம் இருக்கின்றன. இல்லாதது, பார்த்துத்தான் ஆகவேண்டும் என்ற அரிப்பு ஒன்றே.

எடைக்கு வாங்கிய நுண்ணோக்கியில் நாங்கள் முதலில் வைத்தது தையல் கடையில் கூட்டித் தள்ளிய கழிவு நூல். பஞ்சு இழை, பிழிந்து போட்ட ஈரத்துணிபோல் முறுக்கு முறுக்காகத் தட்டையாகக் கிடந்தது. பாலியஸ்டர் இழையோ கண்ணாடிக் குச்சிபோல் ஒரே சீராக நீண்டிருந்தது. "சுத்தக் காட்டன்" என்று சொல்லி விற்கப்பட்ட துணியொன்றில் குச்சிகளே மிகுந்திருந்தன. எங்களில் ஒருவர் இருபது ஆண்டாக நூல் வியாபாரம் செய்பவர். கண்ணை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தொட்டுப் பாத்தே சொல்லிருவேன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அறிவு பிறக்கும் இடம் அந்த அடக்கம்தான் என்று நாங்கள் கருதுகிறோம்.

அடுத்து கண்மாய்த் தண்ணீர். அங்கு கண்டதை வர்ணித்து நீட்ட விருப்பமில்லை. கண்ணாடி இழைக்குள் பச்சைப் படிக்கட்டுபோல் சுருண்டேறும் ஸ்பைரோகைரா, தலையில் இரு சக்கரம் சுழல்வதுபோல் தோன்றும் ரோட்டிஃபர், செருப்பு வடிவில் விரையும் பாரமீசியம், படகுபோல் வழுக்கிச் செல்லும் டயாட்டம் என்று பெயர்களை மட்டும் சொல்லிவிடுகிறோம். இவை அரியவை அல்ல. தேங்கிய நீர் உள்ள எந்த ஊரிலும் உள்ளவை. பாடப்புத்தகத்தில் இவற்றின் படத்தை வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள் ஐவரும். அவை அசையும் என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் கோபத்தின் ஊற்று அதுவே.

பார்ப்பது பாதி வேலைதான், மறுபாதி பேணுவது. இதை நாங்கள் தவறு செய்தே கற்றோம். முதல் உற்சாகத்தில், பூஞ்சை பிடித்த வில்லையை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டோம். பழைய வில்லைகள் இரண்டு மூன்று கண்ணாடிகளைப் பிசினால் ஒட்டிச் செய்யப்பட்டவை என்பது அப்போது தெரியாது. பிசின் கலங்கி வில்லை பாழானது. அந்தப் பழி முழுக்க எங்களுடையது. பள்ளிகளைக் குறை சொல்லும் வாயால் இதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

பிறகு நிதானமாகக் கற்றதைப் பகிர்கிறோம். வில்லையின் முதல் பகை தூசு. அதைத் துணியால் துடைக்கக்கூடாது. மணல் துகள் கண்ணாடியை அறுத்துவிடும். ரப்பர் குமிழால் காற்றை ஊதிப் போக்கியபின், வில்லைக்கென்று உள்ள மெல்லிய தாளை லேசாக நனைத்து ஒற்றவேண்டும். சத்திரப்பட்டித் துணி புண்ணுக்கு நல்லது, வில்லைக்கு ஆகாது. இறுகிப்போன திருகுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விடலாமே என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. அது வழிந்து வில்லைக்கு வந்துசேரும். பழைய பிசுக்கை நீக்கிவிட்டுக் கெட்டியான கிரீஸைச் சிறிதளவே தடவவேண்டும். நூறு மடங்கு வில்லைக்கு இடும் எண்ணெயை அன்றன்றே ஒற்றி எடுத்துவிடவேண்டும். தூக்கும்போது ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். பார்க்கும்போது நாற்பது மடங்கு வில்லையைக் கீழே இறக்கிக்கொண்டே தேடக்கூடாது. பக்கவாட்டில் பார்த்து இறக்கிவிட்டு, மேலே ஏற்றிக்கொண்டே தேடவேண்டும்.

இரண்டாவது பகை ஈரம். காற்றில் ஈரம் மிகுந்து, காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத இடத்தில், கண்ணாடியில் ஒட்டிய விரல் எண்ணெயே பூஞ்சைக்கு உணவாகிறது. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது நியூ கினிக் காடுகளில் படைகளின் தொலைநோக்கிகள் இப்படிக் குருடாகி, ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் அதற்கென்றே ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. வெப்ப நாட்டில் மரப்பெட்டியும் தோலுறையும் பூட்டிய அலமாரியும் வில்லைக்குச் சவப்பெட்டிகள். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். அதைவிட எளிய மருந்து, வாரமொருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. காற்றுப் படுகிறது, ஒளி படுகிறது, கண் படுகிறது. பேணுதலும் பயன்பாடும் வேறு வேறு என்று நினைத்ததுதான் நம் ஆய்வகங்கள் செய்த மூலப் பிழை.

இவ்வளவு பாடு எதற்கு, கைபேசியில் எல்லாப் படமும் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. திருமண விருந்தின் படமும் கைபேசியில் கிடைக்கிறது, பசி அடங்குகிறதா? யாரோ தேர்ந்தெடுத்து, வெட்டி, வண்ணமேற்றிய படத்தில் நாம் தேட ஒன்றுமில்லை. வில்லையின் கீழே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குப்பையும் காற்றுக்குமிழியும்தான் தெரியும். காற்றுக்குமிழியைக் கண்டு உயிரென்று மகிழ்ந்து ஏமாறாதவர் நுண்ணோக்கியர் ஆக முடியாது. அந்த ஏமாற்றத்தின் வழியாகத்தான் கண் பழகுகிறது.

விலையும் ஒரு சாக்கு ஆகாது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் மனு பிரகாஷ், தம் குழுவினரோடு 2014இல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. மூலப்பொருள் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. லேவன்ஹுக்கின் ஒற்றை வில்லைதான் காகித வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

பார்ப்பதற்கு இங்கே புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, எம்.ஓ.பி. அய்யங்காரின் பெயரைச் சொல்கிறோம். சென்னையில் பாசியியலுக்கு அடித்தளமிட்டவர், 1886 முதல் 1963 வரை வாழ்ந்தவர். வற்றும் மழைநீர்க் குட்டைகளின் ஈரச் சேற்றில் அவர் கண்டறிந்து 1932இல் விவரித்த ஃபிரிட்சியெல்லா என்னும் பாசி, நீர்த்தாவரம் எப்படி நிலத்தில் ஏறியிருக்கும் என்ற உலகளாவிய விவாதத்தில் இடம்பெற்றது. வற்றும் குட்டையும் ஈரச் சேறும் நமக்குப் பஞ்சமா? மார்கழி கழிந்தால் இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கண்மாய்க் கரையெங்கும் அவைதாமே?

கரிசல் இலக்கியம் என்று பெருமை கொள்ளும் வட்டாரம் இது. இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் இம்மண்ணின் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அகராதி ஆக்கினார். சாதாரணச் சொல் என்று ஒன்றையும் அவர் தள்ளவில்லை, காது கொடுத்தார். அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அந்தக் கரிசல் மண்ணில் ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து, அதில் நெளியும் நூற்புழுவையும் நீலப்பச்சைப் பாசியையும் பார்க்க மறுத்தால், மண்ணின்மீது நாம் கொண்டிருப்பது காதலா, வெறும் அடைமொழியா?

எங்கள் வேண்டுகோள் சிறியது. பள்ளி இருப்புப் பதிவேட்டில் இன்னொரு பத்தி வேண்டும்: இந்தக் கருவியில் கடைசியாக மாணவர் பார்த்த நாள் எது? அந்தப் பத்தி வெறுமையாக இருந்தால் விளக்கம் கேட்கட்டும். பயன்பாட்டில் உடைந்தால் கேட்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் நுண்ணோக்கி கிடந்தால் வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த பள்ளியில் பூட்டிக் கிடந்தால், தலைமை ஆசிரியரிடம் ஒரு சனிக்கிழமை கேளுங்கள். துடைத்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள். மறுப்பவர் சிலரே என்பது எங்கள் அனுபவம்.

இரும்புக் கடையிலிருந்து வந்த நுண்ணோக்கி இப்போது எங்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. பாழான வில்லைக்குப் பதில் வேறொன்று வாங்கிப் பொருத்தியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மேடையில் இரண்டு கீறல் விழுந்துவிட்டது. பெரிய திருகு சற்றுத் தளர்ந்திருக்கிறது. வரும் ஆயுத பூசைக்கு அதற்குப் பொட்டு வைப்பதா என்று கேட்டார்கள். வைக்கலாம், அடிப்பாகத்தில் மட்டும், மறுநாள் காலை துடைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவரக் கிளம்புவதாக இருந்தால், என்று சொல்லியிருக்கிறோம்.